கிளீனர் இறங்கவில்லை

விழுப்புரம்
18.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் போட மட்டும் உங்களால் முடியாது. அங்கன்வாடிக்கு வரும் சத்துமாவுப் பையைக்கூட ஓரம் கிழியாமல் பிரித்து மடித்து வைக்கிற ஆள் நீங்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். கிளீனர் இப்போது என் வீட்டில் இருக்கிறான்.

என் அண்ணனின் நாயேதான். அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் பொம்மையார்பாளையத்துக் காப்பகத்தில் நீங்கள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தீர்களே, அவன். நான் குவைத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த பிறகு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் சித்தப்பாவைப் பார்த்தேன். நாய் எங்கே என்று கேட்டதற்கு, “அந்த நாய்ப் பேச்சே வேணாம்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடாமல் கேட்டுத்தான் இடத்தை வாங்கினேன்.

காப்பகத்தில் அவனுக்கு டைகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அங்கே நாய்களைப் பார்த்துக்கொள்கிற புகழேந்தி, “புது ஆளுங்கள கிட்டயே சேக்காதுக்கா. ஆனா சேந்துச்சுன்னா உசுரயே குடுக்கும்” என்றார். நான் வெளியே நின்று, “இன்னாடா கிளீனர், வண்டி எங்கடா போவுது?” என்றேன். காது இரண்டும் எழுந்தது. நான் அவனை அதற்கு முன்னால் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் கோயம்பேட்டுக்கு லாரியில் காய் லோடு ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் குவைத்திலிருந்து பேசுவேன், போன் ஸ்பீக்கரில் இருக்கும், கிளீனர் சீட்டில் உட்கார்ந்து இவனும் கேட்டுக்கொண்டு வருவான். அந்தக் குரலை மறக்கவில்லை. பல தடவை போய்ப் பழகிக் கூட்டி வந்துவிட்டேன்.

நாய்க்குக்கூட என் குரல் நினைவிருக்கிறது. நீங்கள்தான் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதை மறந்தீர்கள். “நீ வர்ற வரைக்கும் ஃப்ரீசர் பெட்டியில வெச்சிருக்கோம், வந்து மொகத்தப் பாரு” என்று போனில் சொன்னது உங்கள் வாய். சென்னையில் இறங்கி போனைப் போட்டால், மண் மூடிய குழியின் படம் வந்திருக்கிறது. ஊருக்கு வராமலே குவைத்துக்குத் திரும்பினேன். கூடப் பிறந்தவனின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏன் விடவில்லை என்று நீங்கள் சொல்கிற வரைக்கும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஜெசிந்தா

*

திண்டிவனம்
27.8.2024

ஜெசி,

கடிதம் வந்தது.

நாயைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடு. நீ தனியாக இருக்கிற பெண். தனியாக இருப்பவர்களுக்கு அந்த நாய் ஆகாது. காரணம் கேட்காதே.

நீ கேட்ட மற்றொன்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள்.

விடுகிற வரைக்கும் பட்டினி போடாதே. கேப்பைக் கூழில் கொஞ்சம் மோர் ஊற்றிவை, குடிக்கும். வேகவைத்த மல்லாட்டை என்றால் உயிர், ஆனால் கடலையைத் தோலோடு தின்றுவிடும், உரித்துப் போடு. முன்னங்கால் நகங்கள் வளர்ந்துவிட்டனவா?

கலையரசி

*

விழுப்புரம்
5.9.2024

அண்ணி,

விட்டுவிடு என்று ஒரு வரி, கூழும் மல்லாட்டையும் ஒரு பத்தி. உங்கள் மனம் எனக்குத் தெரியாதா? அவன் இங்கேதான் இருப்பான்.

நகங்கள் வளர்ந்துவிட்டன, கோணலாக. காப்பகத்துக்கு வந்தபோது இரண்டு முன்னங்காலிலும் நகமே இல்லை, ரத்தம் கட்டியிருந்தது என்று புகழேந்தி சொன்னார். என்ன ஆயிற்று அவனுக்கு? யார் அடித்தார்கள்?

அவன் பழக்கம் ஒன்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் படுத்தேன் என்றால் உடனே எழுந்துபோய் வாசல்படியில் நிற்கிறான். முதுகு என் பக்கம், முகம் தெருப் பக்கம். விடிய விடிய நிற்கிறான். உட்காருவதுகூடக் கிடையாது. காலையில் நான் எழுந்து பல் துலக்கிக் காப்பி போட்ட பிறகும் நகர்வதில்லை. திரும்பி என் வாயையே பார்க்கிறான். எதையோ நான் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால்தான் அவனுக்கு விடுதலை என்பது மாதிரிப் பார்க்கிறான். வா, போ, உட்காரு, சாப்பிடு, எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வெயில் ஏறி கால் நடுங்கும் வரைக்கும் நின்று, அப்புறம் அப்படியே சரிகிறான்.

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அக்கா, “ஒங்க அண்ணந்தான் தெருவுல வந்து நிக்கறாரு. அதான் நாயி அவரயே பாத்துக்கினு நிக்குது” என்கிறார். சிரித்து மழுப்பினேன். ஆனால் மெஸ்ஸில் சமையலை முடித்துவிட்டுச் சாயந்தரம் திரும்பும்போது, என் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற இடத்தைத் தாண்ட எனக்கு உடம்பு கூசுகிறது. நான் முகம் பார்க்காததால்தான் அண்ணன் வந்து நிற்கிறானோ? எனக்கு அவன் செத்த மாதிரியே இல்லை, அண்ணி. பார்க்காமல் எப்படி நம்புவது?

ஜெசிந்தா

*

திண்டிவனம்
14.9.2024

ஜெசி,

தெருவில் யாரும் நிற்கவில்லை. அது அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும், பயப்படாதே.

சுரண்டுகிற சத்தம் உனக்குக் கேட்கிறதா? எனக்கு இங்கே கேட்கிறது. பின்பக்கம் பாத்ரூம் இருக்கிறதே, அந்தக் கதவை உள்ளிருந்து சுரண்டுகிற சத்தம். முதலில் எலி என்று நினைத்து மருந்து வைத்தேன். மருந்து வைத்தபடியே இருந்தது. கதவைத் திறந்தால் வாளியும் சோப்பும்தான். மூடிவிட்டுச் சமையலறைக்கு வந்தால் மறுபடி சத்தம். நாயைக் கொண்டுபோய் விட்டால் நிற்கும் என்று நினைத்தேன். நாய் பொம்மையார்பாளையம் போய்விட்டது, சத்தம் போகவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகள் சிலேட்டில் நகத்தால் கிறுக்கினால்கூட எனக்கு வியர்க்கிறது.

நான் சொல்கிற ஒன்றையாவது கேள். அஞ்சம்மாள் அக்காவிடம் நாயைப் பழக்கு. அவர் கையால் தினமும் சோறு போடச் சொல். நீ படுத்திருக்கும்போது அவர் உள்ளே வந்துபோகப் பழக வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல் இதை உடனே செய்.

கலையரசி

*

விழுப்புரம்
2.10.2024

அண்ணி,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், டிரிப்ஸ் ஏற்றிய கை. எனக்கு டெங்கு. இப்போது பரவாயில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் கிளீனரின் பெருமையைக் கேளுங்கள். காய்ச்சலில் காலையில் கதவைத் திறந்துவிட்டு வந்து விழுந்தவள்தான், எனக்கு ஒன்றும் நினைவில்லை. கதவு திறந்தே கிடந்திருக்கிறது. மெஸ்ஸுக்கு நான் வரவில்லை என்று ஆள் வந்து பார்த்திருக்கிறார். அஞ்சம்மாள் அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒருத்தரையும் இவன் படி ஏற விடவில்லை. துடைப்பத்தால் அடித்தார்களாம், கல்லால் எறிந்தார்களாம், பிஸ்கட் போட்டார்களாம். அடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான். தெருவே கூடிவிட்டதாம். சாயந்தரம் எனக்கே எப்படியோ விழிப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்க கையில இல்ல” என்று டாக்டரம்மா திட்டினார். அஞ்சம்மாள் அக்காவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, கஞ்சிப் பாத்திரம் நசுங்கிப்போனதில் பாதிக் கோபம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணி. எனக்காக இந்த உலகத்தில் இப்படி யார் நின்றார்கள்? அண்ணன் விபத்தில் விழுந்த அன்றைக்கு நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான் என்று சொன்னீர்களே, அதை நினைத்து நினைத்து மனம் ஆறவில்லை. இவன் மட்டும் வண்டியில் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பான்.

ஜெசிந்தா

*

திண்டிவனம்
5.10.2024

ஜெசி,

நேற்று நான் போனில் “நாயக் கட்டிப் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்ததற்கு நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். எடுத்தால் அழுவேன், அழுதால் சொல்ல முடியாது. அதனால் எழுதி கூரியரில் அனுப்புகிறேன்.

நாய் அன்றைக்கு வண்டியில்தான் இருந்தது.

உன் அண்ணன் கோயம்பேட்டில் லோடு இறக்கிவிட்டு வரும்போது தூக்கம் வந்தால் ரோட்டோரம் நிறுத்தித் தூங்குவார். டீசல் திருடுகிறவர்கள், பாட்டரி கழற்றுகிறவர்கள் என்று அந்த ரோட்டில் எத்தனையோ பேர். ஒருமுறை தூக்கத்தில் சட்டைப்பையையே அறுத்துவிட்டார்கள். அதன்பிறகு நாயைப் பழக்கினார். அவர் படுத்துவிட்டால் ஒருவரையும் கிட்ட விடக் கூடாது, யார் அடித்தாலும், எதைப் போட்டாலும். எழுந்ததும், “விடிஞ்சிடுச்சுடா” என்பார். அதைக் கேட்டால்தான் காவல் முடிந்தது. இறங்கி வந்து வாலை ஆட்டும். வீட்டிலும் அப்படித்தான். விளையாட்டாக என்னையும் சொல்லச் சொல்வார். நான் சொன்னாலும் கேட்கும், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். நீ காலையில் சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்ப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அன்று சாரம் ஊரைத் தாண்டி வண்டி மரத்தில் மோதி, அவரைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. கிழக்கு வெளுக்கிற நேரம். டீக்கடைக்காரர் ஓடிவந்திருக்கிறார், பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. நாய் யாரையும் கிட்ட விடவில்லை. அவர் படுத்திருக்கிறார், காவல் காக்க வேண்டும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தூக்கப் போனவர் கையைக் கடித்துக் குதறிவிட்டது. வண்டிக்குள் கிடந்த உன் அண்ணன் போனை எடுத்து யாரோ எனக்குச் சொல்ல, பக்கத்து வீட்டுத் திருமுருகன் பைக்கில் ஏறிப் போனேன். ரோடு முழுக்கக் கூட்டம், நடுவில் அவர், அவர்மேல் கால் வைத்துக்கொண்டு இது. நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். உடனே இறங்கிவிட்டது, ஜெசி. என்னைப் பார்த்து வாலாட்டியது.

அவர் கை சூடாக இருந்தது. ஆம்புலன்ஸில் என் விரலை ஒரு தடவை பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் ஒருவர். எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் இன்னொருவர். எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்காகப் பெட்டியில் வைத்திருக்கத்தான் நினைத்தேன். பெட்டியில் அவரைப் படுக்க வைத்ததும் நாய் போய் முன்னால் நின்றுகொண்டது. மாலை போட வந்தவர்களையெல்லாம் பாய்ந்தது. அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் விலகியிருக்கும். பிணத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நானும் திருமுருகனும் இழுத்துப்போய் பாத்ரூமில் அடைத்தோம். கதவைச் சுரண்டிச் சுரண்டி நகமெல்லாம் பெயர்த்துக்கொண்டது. அதற்குள் ரோட்டில் நடந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. விருத்தாசலம் சித்தப்பா கடப்பாரையோடு வந்தார். “ஆளக் கொன்னுட்டு இன்னாத்துக்குக் காவல் காத்துக்கினு கீது? மொதல்ல அத அடிச்சிப் போட்டுட்டு அப்பறம் சாவ எடுங்க” என்றார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். தெருவில் எனக்காகப் பேச ஒருத்தரும் இல்லை.

நான் பாத்ரூம் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் அது சுரண்டுகிறது, முன்னால் பெட்டி. நீ வருகிற வரைக்கும் அப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. கண் அசந்தால் கொன்றுவிடுவார்கள். அவர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தது, அவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தது? அவரைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகு நாயை நானே எங்கேயாவது விட்டுவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் அடங்கினார்கள். உனக்கு முகமா, நாய்க்கு உயிரா என்று வந்தது. நான் நாயைக் காப்பாற்றினேன். காப்பாற்றினேனே தவிர, அதன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

உன்னிடம் சொன்னால் நீயும் அதை வெறுப்பாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது உன் உயிர். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடு.

கலையரசி

*

விழுப்புரம்
20.10.2024

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் அவனுக்கு நான் சோறு வைக்கவில்லை. அஞ்சம்மாள் அக்காதான் தூர நின்று தட்டைத் தள்ளினார். அவன் வாயைப் பார்த்தால் அண்ணனின் ரத்தம் தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொம்மையார்பாளையம் பஸ் ஏற ரயில்வே ஜங்ஷன் வரைக்கும் நடந்தேன். அங்கே போர்ட்டர் ஒருவர் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் இவன் நின்று திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இவரையும் காக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. என்னால் முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

மறுநாள் எழுந்ததும், “விடிஞ்சிடுச்சுடா” என்று சொன்னேன். அண்ணனின் இழுவையில் சொன்னேன், எங்கள் இருவருக்கும் குரல் ஒன்றுதானே. உடம்பு முழுக்க அவனுக்குத் தளர்ந்துவிட்டது. உள்ளே வந்து நடுவீட்டில் விழுந்து சாயந்தரம் வரைக்கும் தூங்கினான். இத்தனை மாதமாக அவனுக்கு விடியவே இல்லை, அண்ணி. அஞ்சம்மாள் அக்காவும் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அதனால் நான் படுக்கும்போது பின்கட்டில் சங்கிலி போடுகிறேன். அக்காவிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. உங்கள் பயம் தீர்ந்ததா?

உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நானே கடப்பாரையைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அவனைக் கொல்ல விட்டிருந்தால் உங்கள் வாசலை இனி மிதிக்கவே மாட்டேன். இரண்டும் உண்மை.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் படுத்திருக்கிற இடத்தை அவன் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தடுக்காதீர்கள்.

ஜெசிந்தா

*

திண்டிவனம்
6.11.2024

ஜெசி,

கோபித்துக்கொண்டு போய்விட்டாய். நியாயம்தான். கல்லறை மேடையில் அது ஏறி, சிலுவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம் எல்லோரையும் பார்த்து நின்றபோது, உனக்கு எப்படி இருந்ததோ, எனக்கு அந்த ரோடு திரும்ப வந்துவிட்டது. ஒருவரையும் மெழுகுவத்தி ஏற்ற விடவில்லை. நீ அந்த வார்த்தையைச் சொன்னாய், அது அசையவில்லை. அவர் படுத்திருக்கிற இடத்தில் உன் குரல் செல்லவில்லை. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். “இப்பக்கூட சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த மெழுகுவத்தியை என் காலடியில் வைத்து, நாயையும் அங்கேயே விட்டுப் பஸ் ஏறிவிட்டாய். அதன்பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் போகும் வரைக்கும் நின்றேன். மற்றக் கல்லறைகளிலெல்லாம் மெழுகுவத்தி எரிகிறது, அவருடையது மட்டும் இருட்டு, மேலே நாய். கிட்டப் போய், மெதுவாகத்தான், “விடிஞ்சிடுச்சுடா” என்றேன்.

இறங்கியது. என்னிடம் வரவில்லை. மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு வாலாட்ட ஆரம்பித்தது. எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, ஜெசி. அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் எழுந்திருப்பார். அதற்குத் தெரிந்தது அதுதான். அவர் எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீ வைத்துவிட்டுப் போன மெழுகுவத்தியை ஏற்றினேன். அது கரைந்து அணைகிற வரைக்கும் வாலாட்டிக்கொண்டே இருந்தது.

கூட்டி வந்துவிட்டேன். உன்னிடம் அனுப்ப மனம் வரவில்லை, மன்னித்துக்கொள். திருமுருகனை வைத்து பாத்ரூம் கதவைக் கழற்றி வெளியே போட்டாயிற்று. ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறேன். சுரண்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஆனால் ஒன்று. நான் படுத்தால் அது வாசலில் நிற்கிறது. காலையில் கண் விழித்தால் என் வாயைப் பார்க்கிறது, நான் சொல்ல வேண்டும். சொன்னதும் என்னை விட்டுவிட்டு, உன் அண்ணன் படுக்கிற கட்டில் பக்கம் திரும்பி நின்று வாலாட்டுகிறது. நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் பார்க்கிறேன்.

சனிக்கிழமை மெஸ்ஸில் சொல்லிவிட்டு வந்து தங்கு. காலையில் என்னோடு சேர்ந்து நீயும் சொல். தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணி
கலையரசி